இரட்டைச் சுவரும் ஊற்றாத பாயசமும்

அன்புள்ள மாப்பிள்ளை தனசேகருக்கு, மாமன் சென்னிமலை அம்மாபேட்டையிலிருந்து எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உங்கள் வீடும் நலம்.

வீடு விழாது என்று முன்கூட்டியே சொன்னவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான். போனில் சொன்னால் போர் போடும் ரிக் வண்டிச் சத்தத்தில் "சுருக்கமா சொல்லுங்க மாமா" என்று வெட்டிவிடுவாய். ஆகவே விவரமாகவே எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுக் குருமூர்த்தி பழைய வீட்டை இடித்து மாடி கட்டுவது உனக்குத் தெரியும். நம் தெருவின் சரித்திரம்தான் உனக்குத் தெரியாது. தெரு நேராக ஓடுவது அந்தக் காலத்தில் தறிக்குப் பாவு நூல் நீட்டுவதற்காக. வீடுகளோ டவுன் பஸ்ஸில் நிற்கிறவர்கள் மாதிரி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, முன்னால் ஒடுக்கம், உள்ளே ரயில்பெட்டி நீளம், நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு முற்றம். உங்கள் வீட்டு உத்தரம் பர்மாவில் கப்பலேறி, சங்ககிரியிலிருந்து யானை இழுத்து வந்தது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம், அதாவது என்னைத் தவிர எல்லோரும். அது போனால் உங்கள் கூரையும் கூடவே போகும். பொக்லைன் வந்த அன்று உன் அம்மா, அதாவது என் அக்கா செல்லியம்மாள், சாமி படத்தையும் கிரைண்டரையும் தெருவில் இறக்கி வைத்துவிட்டு, "எம்பையன் லீவுக்கு வந்தா எங்கடா படுப்பான்?" என்று அழுதாள். "நானிருக்கேன் அக்கா" என்றேன். "நீ இருக்கறதுதாண்டா பயமா இருக்குது" என்றாள். கலவரத்தில் பேசியது, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொக்லைன் ஒரு தட்டுத் தட்டியது. குருமூர்த்தியின் சுவர் பொலபொலவென்று சரிந்தது. தூசி அடங்கிப் பார்த்தால் உங்கள் சுவர் தனியாக நிமிர்ந்து நிற்கிறது! "ஏனுங்க, இது ரெண்டு செவுருங்க! நடுவுல ஒரு சாண் சந்து கெடக்குது!" என்று டிரைவர் கத்தினார். அக்கா அப்படியே கிரைண்டர் மேல் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் மூச்சு வந்தது. தூசிதான் அதுவரை அடைத்திருந்தது.

பழைய வீடுகளை வரைந்துகொண்டு போக வந்த கட்டடக்கலை மாணவி மெஹ்ரீன், "இவ்வளவு ஒட்டிக் கட்டிட்டு எதுக்குங்கய்யா ரெண்டு சுவர்?" என்று கேட்டது. கூட்டம் என்னைப் பார்த்தது. சொன்னேன்: குருமூர்த்தியின் பூட்டன் வீட்டுக் கல்யாணத்தில் உன் பூட்டன் இலைக்கு மட்டும் பாயசம் ஊற்றவில்லை. வாளியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். "உன் செவுத்துல எங்கூடு சாயாது" என்று எழுந்து வந்து தனிச்சுவர் வைத்தார் உன் பூட்டன். அன்றைக்கு ஒரு கரண்டி ஊற்றியிருந்தால் இன்றைக்கு உன் வீடு தரைமட்டம்.

குருமூர்த்திக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாள் காலையில் தூக்குவாளி நிறையப் பாயசத்தோடு வந்து நின்றான்.

"எங்க பூட்டன் பண்ணுனது தப்புங்க அக்கா. மனசுல வெச்சுக்காதீங்க."

அக்கா ஒரு வாய் குடித்தாள். "முந்திரி கம்மிதான். பரவால்ல உடு சாமி, எந்தக் காலத்துக் கதை!"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மழைக்கு முன்னால் உங்கள் சுவர் முழுவதையும் தன் செலவிலேயே பூசித் தருவதாகச் சொல்லிவிட்டான். இன்றைக்குச் சாரம் கட்டியாகிவிட்டது.

நீ துளை போடும் இடமெல்லாம் தண்ணீர் பீறிடட்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு, உன் முன்னேற்றத்தையே நினைத்திருக்கும் மாமன்,
சென்னிமலை.

பி.கு.: மேலே எழுதியதில் அந்தப் பாயசச் சண்டை மட்டும் நான் நின்ற இடத்தில் ஜோடித்தது. பூட்டன்மார் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஏன் இரண்டு சுவர் என்று யாருக்குமே தெரியாது. உனக்கு வேண்டுமானால் நாளைக்குள் தெரிந்து வைக்கிறேன். பூச்சு காய்கிறவரை உன் அம்மாவிடம்கூட வாயைத் திறக்காதே. அவள் இப்போதுதான் குருமூர்த்தியின் பூட்டனை முழுசாக மன்னித்திருக்கிறாள்.