மருமகன் வீட்டுக்குப் போன பேரிக்காய்ப் பெட்டி

இதை எனக்குச் சொன்னவள் ஓக்பூன் அக்கா. போன நவம்பரில், தேவாலயத்துச் சமையலறையில் கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் கழுவிக்கொண்டிருந்தபோது.

அக்கா வீட்டுக்காரர் தால்சுவுக்கு, தானே ஜின்செங் வேர் ஊறப்போட்ட மதுஜாடிதான் உயிர். டாக்டர் இனி ஒரு சொட்டும் கூடாது என்றுவிட்டார். ஜாடியைக் கொட்டிவிடப் போவதாக அக்காவும் சொல்லிவிட்டாள். அந்த வாரம் பார்த்து மகள் புது வீடு குடிபோனாள்.

“பிள்ளைங்களுக்கு நீ எதையாவது வாங்கு. மாப்பிள்ளைக்கு நான் பார்த்துக்கறேன்,” என்றார் தால்சு.

“நீங்களா? என்ன?”

“பேரிக்காய்ப் பெட்டி.”

“சரி, ஜாடி எங்கே?”

“நானே கொட்டிட்டேன். உனக்கெதுக்குச் சிரமம்?”

கொட்டவாவது! அறுவடைப் பண்டிகைக்கு வந்து காலியாகிக் கிடந்த பேரிக்காய்ப் பெட்டிக்குள் ஜாடியை வைத்து, பட்டுத் துணி சுற்றி, முடிச்சும் போட்டுவிட்டார். கொடுத்தவர் எதிரில் பரிசைப் பிரிப்பது மரியாதையில்லை. அதனால் அக்கா கண்ணில் படாது. பிறகு தனியாகப் போகும்போதெல்லாம் மருமகன் ஊற்றித் தருவான் என்பது அவர் கணக்கு.

மருமகன் மின்கியு, “எதுக்கு மாமா இதெல்லாம்? சும்மா வந்தாப் போதாதா?” என்று இருமுறை மறுத்தான். அப்புறம் இரு கையாலும் வாங்கி உள்ளே வைத்தான். பேத்திகளுக்கு அக்கா வண்ணப் பென்சில் கொடுத்தாள். தால்சுவுக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த சனிக்கிழமை தனியாகப் போய் உட்கார்ந்தார்.

“நான் கொடுத்தது எப்படி மாப்பிள்ளை?”

“அருமை மாமா! பிள்ளைங்களே மொத்தத்தையும் காலி பண்ணிட்டாங்க.”

“பிள்ளைங்களா!”

“சின்னவளைப் பிடிக்கவே முடியலை. மூஞ்சியெல்லாம் வழிய வழிய... அன்னிக்கு அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினா.”

“தூங்காம என்ன பண்ணுவா! டாக்டர்கிட்ட காட்டினியா?”

“பேரிக்காய்க்கு எதுக்கு மாமா டாக்டர்?”

தால்சு பார்லி டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அக்காவைக் கேட்கவும் முடியாது. கேட்டால், கொட்டாததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

“கல்யாணமான நாள்லேருந்து ஒரு கைக்குட்டைகூட வாங்கித் தராத மனுஷன் பட்டுத் துணியில முடிச்சுப் போட்டா, நான் பிரிச்சுப் பார்க்காம இருப்பேனா? அவர் குளிக்கப் போனதும் ஜாடியை எடுத்துட்டுப் பேரிக்காயை வச்சுக் கட்டிட்டேன்,” என்றாள் அக்கா என்னிடம்.

தால்சு திரும்பிவந்த அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பன்றிக்கறி. வருத்தத்திலும் தால்சு இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

“இந்த வாரமெல்லாம் கறியில கவிச்சி வாடையே இல்லையே. என்ன போட்டு வேகவைக்கிறே?”

“நம்ம வீட்டுல ஏதோ வேர் ஊறிக் கெடந்துச்சுங்க. இன்னியோட தீர்ந்துபோச்சு.”

ஆண்டவர் மன்னிக்கட்டும், முட்டைக்கோஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை தால்சுவைப் பார்த்தால், உடம்பு எப்படி என்று மட்டும் கேளுங்கள். வேறொன்றும் கேட்க வேண்டாம்.