வியாழக்கிழமை நான் சாகிறேன்

ஹாலிவுட்
9 மார்ச் 1953

மரியாதைக்குரிய அண்ணன் வெர்லினுக்குத் தம்பி லைல் எழுதுவது. நீங்களும் அண்ணியும் சுகமென்றும், பொமோனா ஆரஞ்சுத் தோப்பைப் பனி தொடவில்லை என்றும் நம்புகிறேன்.

வருகிற வியாழக்கிழமை நான் சாகிறேன். இன்று காலை ஸ்டுடியோவில் டைரக்டர் பிராண்ட் தன் வாயாலேயே சொன்னார். காரணம் நீங்கள்.

இத்தனை வருஷம் கௌபாய் படங்களில் நான் சாகாத சாவு கிடையாது. கூரையிலிருந்து விழுந்திருக்கிறேன், குதிரை மிதித்திருக்கிறது, ஒரு படத்தில் பெயர்கள் ஓடி முடிவதற்குள்ளேயே சுட்டுவிட்டார்கள். இப்போது எடுத்த இந்த ஒன்றில்தான் கடைசிவரை உயிரோடிருந்து, கதையில் வரும் ஒரு விதவையின் வண்டியில் ஏறிப் போகிறேன். இது எடுபட்டால் அடுத்து ஷெரீஃப் வேஷம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் படம் வெளிவருமுன் ஜனங்களின் கருத்தறியப் போடும் முன்னோட்டக் காட்சி உங்கள் ஊரில் என்றதும் ரகசியமாக உங்களை வரச் சொன்னேன். தனியாகவா வந்தீர்கள்? தெருவையே திரட்டி வந்து நடுவரிசையில் உட்கார்ந்து, எவன் துப்பாக்கியைத் தொட்டாலும், "இப்ப விழுவான் பாருங்க, எங்க தம்பி மாதிரி விழ ஆள் கிடையாது"ன்னு ஒரே பெருமை. பின்வரிசையில தொப்பியை இறக்கிவிட்டுக்கிட்டு நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கொஞ்ச நேரத்துல தியேட்டர் பூரா அதே பேச்சு. நான் காபி குடிச்சா "விஷம்"ங்கிறான் ஒருத்தன். குதிரை ஏறினா "சேணம் அறுந்திருக்கு"ங்கிறா ஒரு அம்மா. கடைசியில நான் உயிரோட வண்டி ஏறினதும் ஊரே ஏமாந்து ஊளை விட்டுச்சு. வாசல்ல குடுத்த கருத்து அட்டையில எல்லாரும் ஒரே கேள்வி: மீசைக்காரன், அதாவது நான், ஏன் சாகலை? உங்க அட்டையை டைரக்டர் எனக்கே படிச்சுக் காட்டினார்: "அவன் என் தம்பி. அழகா விழுவான். வீணாக்கிட்டீங்க."

ஒரே ஒரு படத்துல வாழ விட்டீங்களா அண்ணே? அண்ணி ஈஸ்டருக்குப் பன்றித்தொடை வாட்டினாலும் இனி உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உங்களுக்கு ஒன்றுமில்லை.

லைல்

பி.கு.: உறையை ஒட்டும்போது புதுக் காட்சி கைக்கு வந்தது. கதாநாயகன் என் தலையை மடியில் வைத்துக்கொள்கிறான். நான் அரைப் பக்கம் பேசிவிட்டுச் சாகிறேன். இதுவரை சாகும்போது என்னை ஒரு வார்த்தை பேசவிட்டதில்லை. மழை இல்லாவிட்டால் வியாழன் காலை எடுக்கிறார்கள். மறு முன்னோட்டமும் உங்க ஊர்லதான், மாசக் கடைசி சனிக்கிழமை. தெருவோட வாங்க. நான் பேசி முடிக்கிறவரைக்கும் மட்டும் வாயை மூடிக்கிட்டு இருங்க.