அனுசுயா ஃபோல்டரைக் காணவில்லை

திருத்தணி
16.9.2004

சௌபாக்கியவதி அனுசுயாவுக்கு உன் கணவன் ராஜவேலு எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான் ஒருவன்தான். ராமநாதபுரத்தில் உன் நலத்துக்கும், உன் மாற்றல் உத்தரவு ரத்தாவதற்கும் முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

காரணமில்லாமல் லீவு கேட்கமாட்டேன் என்று போனில் சொன்னாயே, இதோ காரணம், அதுவும் அரசாங்கக் காரணம். திருவாலங்காட்டு நெல் மகசூல் சராசரிக்கு நம் ஆபீசில் நீ எழுதிவிட்டுப் போன புரோகிராம் புதுக் கம்ப்யூட்டரில் ஓடமாட்டேன் என்கிறது. கோப்பு இருக்கும் பாதையை முதல் வரியில் எழுத வேண்டுமாமே, எழுதினேன். முதலில் கோப்பின் பெயர், அடுத்து ஃபோல்டர், அதற்கடுத்து பெரிய ஃபோல்டர், கடைசியில் சி டிரைவ். இருபது வருஷமாக உறைமேல் ஆள் பெயர், தெரு, ஊர், தாலுகா, மாவட்டம் என்று எழுதிப் பழகிய கை வேறெப்படி எழுதும்? கோப்பே இல்லை என்றது. பக்கத்து மேஜை அபிராமசுந்தரி மேடம் எட்டிப் பார்த்து, "இன்னா சார், தபாலா போடறீங்க? மாவட்டத்துலேர்ந்து ஆளுக்கு வரணுங்க. தலைகீழா எழுதிகினு இருக்கீங்களே" என்று சிரித்தார்.

சரியென்று சி டிரைவிலிருந்து தொடங்கினேன். அப்போதும் இல்லை. பாதையின் நடுவில் 'அனுசுயா' என்று உன் பெயரில் ஒரு ஃபோல்டர், புதுக் கம்ப்யூட்டரில் அது கிடையாது. "அந்தப் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போடுங்க சார், ஓடிடும்" என்றார் மேடம். கை வரவில்லை அனுசு. இந்த ஆபீசில் உன் பெயர் மிச்சமிருப்பது அந்த ஒரு வரியில்தான். அதனால் அதே பெயரில் புது ஃபோல்டர் உண்டாக்கினேன். இடம் கிடைத்தது, உள்ளே ஒன்றுமில்லை என்றது. வீட்டிலும் அதே நிலைமைதான் என்று கம்ப்யூட்டரிடம் சொன்னேன், மேடம் ஒரு மாதிரி பார்த்தார். நீ வந்து தொட்டாத்தான் இது ஓடும். அடுத்த வாரம் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்துடு.

தீர்க்கசுமங்கலியாக இருப்பாயாக. அதில் என் நலமும் அடக்கம்.

இப்படிக்கு,
ராஜவேலு

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது, பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவைத்த சி.டி.யைப் போட்டு, நெல் கோப்பை உன் ஃபோல்டருக்குள் சேர்த்துவிட்டார் மேடம். ஒரு நிமிஷத்தில் ஓடிவிட்டது. அறிக்கையும் மேலிடத்துக்குப் போய்விட்டது. ஆகவே மேலே எழுதிய காரணம் எதுவும் இப்போது இல்லை. நீ இல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். லீவு விண்ணப்பத்தில் இதை எழுத முடியுமா என்று பார்.