டபுள் உப்பு

உங்கள் குடும்பத்தில் யாராவது மனநல மருத்துவரிடம் போய் வந்ததுண்டா? அப்படியானால் இந்த ஜீவனை உங்களுக்குத் தெரியும். இல்லையென்றால், யாரையாவது அனுப்பிப் பாருங்கள். மருந்துச் சீட்டின் மை காய்வதற்குள் அது வாசலில் நின்று அழைப்புமணியை அழுத்தும்.

இனத்தின் பெயர், வைத்திய வரலாற்றாசிரியர். மருத்துவம் தெரியாது. ஆனால் மனநோயைத் தீர்க்கிறேன் என்று மனிதன் இதுவரை செய்த அத்தனை விபரீதமும் தலைகீழ்ப் பாடம். எங்கள் வீட்டில் அவர் அம்மாவின் தம்பி. எதையும் 'அந்தக் காலத்துல' என்றே ஆரம்பிப்பதால், அந்தக்கால மாமா.

வருவார், ஜன்னலோர நாற்காலியைப் பிடிப்பார், நோயாளியை நலம் விசாரிக்கமாட்டார், மாத்திரை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார், கை நீளும்வரை தள்ளிப் பிடிப்பார், பெயரை எழுத்துக் கூட்டி வாசிப்பார், பிறகு மெதுவாகத் தலையை ஆட்டுவார். 'ம்ஹூம்.'

அந்த ஒரு 'ம்ஹூம்' போதும். நன்றாக இருப்பவரும் டாக்டர் நம்பரைத் தேடுவார்.

"அந்தக் காலத்துல என்ன பண்ணாங்க தெரியுமாக்கா? மலேரியாவ ஊசி வழியா ஏத்தினாங்க!"

"அதுக்கு ஊசி எதுக்குடா? நம்ம வீட்டுக்குக் கொசு நேராவே வருதே" என்பாள் அம்மா.

மாமா அசரமாட்டார். இன்சுலின் போட்டு நினைவிழக்க வைத்தது, கண்ணுக்கு மேலே கம்பியை நுழைத்து மூளையை அறுத்தது, மயக்க மருந்தில்லாமல் மின்சாரம் வைத்தது என்று வரிசையாக வரும். எல்லாம் நடந்ததுதான். அதுதான் சிக்கலே. அவருடைய வரலாறு எழுபது வருடத்துக்கு முன்பு நின்றுபோன கடிகாரம். அதற்குப் பிறகு மயக்க மருந்து வந்தது, அளவு வந்தது, ரத்தப் பரிசோதனை வந்தது. இதையெல்லாம் சொன்னால் யார் வாயைப் பிளப்பார்கள்? குணமானவர்கள் அதைவிட உப்புச்சப்பில்லாத விஷயம்.

அம்மா குணமானவள். முன்பெல்லாம் ஒரு மாதம் தூங்காமல் வீடு முழுக்கப் பெயின்ட் அடிப்பாள். அடுத்த மாதம் போர்வையை விட்டு வெளியே வரமாட்டாள். லித்தியம் மாத்திரை தொடங்கிய பிறகு பதினோரு வருடம், சுவர்கள் ஒரே நிறத்தில் இருந்தன.

ஒருநாள் மாமா அட்டையில் கம்பெனிப் பெயருக்குக் கீழே இருந்த பொடி எழுத்தையும் வாசித்து முடித்தார்.

"லித்தியமா? பேட்டரியில போடுறதாச்சே! பாப்பா, நீ பேட்டரி கம்பெனிலதான இருக்க? சொல்லு."

நாற்பத்திரண்டு வயதுப் பாப்பா வாயைத் திறந்தேன்.

"அது வேற மாமா. இது லித்தியம் கார்பனேட். ஒரு உப்பு."

"உப்பா?"

"கெமிஸ்ட்ரிப்படி உப்புதான்."

மாமாவின் முகம் மலர்ந்தது. "கேட்டியாக்கா! மாத்திரையே உப்பு. அதுக்கு மேல சாப்பாட்டுலயும் உப்பு. டபுள் உப்பு! உடம்பு தாங்குமா?"

நான் சிரித்தேன். மறுக்கவில்லை.

மாமா சொன்ன எதையும் அம்மா அதுவரை நம்பியதில்லை. இதை நம்பினாள். மகளின் முத்திரை இருந்ததே! அன்றே உப்பு டப்பா மேல்தட்டுக்குப் போனது.

இரண்டு வாரத்தில் அவள் கையில் டீக் கோப்பை கடகடத்தது. "வயசாகுதுடி" என்றாள். பிறகு வாந்தி. பிறகு என் பெயரைச் சொல்லவே நாக்குக் குழறியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா ரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

"உப்ப நிறுத்திட்டாங்க."

"உப்பு குறைஞ்சா கிட்னி லித்தியத்த வெளிய விடாதுங்க. ரத்தத்துல ஏறிடும். அந்தக் காலத்துல..."

நானும் மாமாவும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.

"...உப்பு ஆகாதுன்னு சொன்ன இதய நோயாளிகளுக்கு, சாதா உப்புக்குப் பதிலா லித்தியம் உப்பக் குடுத்தாங்க. சிலர் செத்தே போனாங்க. அளவு பாக்காம குடுக்கக் கூடாதுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது."

மாமாவின் வரலாற்றில் இல்லாத ஒரே பக்கம். எங்களுக்கு வேண்டியிருந்ததும் அந்த ஒரே பக்கம்.

மூன்றாம் நாள் அம்மா கண்ணைத் திறந்து, தொங்கிய பாட்டிலைப் பார்த்தாள். "என்னது ஏறுது?"

"உப்புத் தண்ணிம்மா."

"டபுளா?"

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "தம்பி, நீ கதை மட்டும் சொல்லு. சமையல்ல கை வைக்காத" என்றாள் அம்மா. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தாள். அதே மாத்திரை, அளவான உப்பு. போன மாதம் நிமோனியாவில் போனாள். மாமா வந்தார், ஜன்னலோரம் உட்கார்ந்தார், மீதியிருந்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "அந்தக் காலத்துல..." என்றார். "அந்தக் காலத்துல அக்கா..." அதற்கு மேல் வரலாறு ஓடவில்லை. டீ ஆறிப்போனது.

மாமாவைப் பார்த்துச் சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. ஆனால் இந்த இனத்தில் இன்னொரு பிரிவு உண்டு. அது படித்திருக்கும். பொய் சொல்லாது. கேட்ட கேள்விக்கு மட்டும் மிகச் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று யோசிக்காமல் டீ குடிக்கும். இதைப் படிக்கும்போது எங்காவது ஓரிடத்தில் "கார்பனேட் உப்புதானே, மகள் சொன்னதில் என்ன தப்பு?" என்று உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியதென்றால் உள்ளே வாருங்கள். எனக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. அம்மாவின் நாற்காலியில் மட்டும் உட்காராதீர்கள்.