முகராத மணத்துக்கு முதற்பரிசு

மணத்தை மூக்கினால் அறியலாம் என்று ஆதிகாலந்தொட்டு நம்பிவந்த மனித குலத்தின் பேதைமை, சென்ற ஆடிப்பூரத்தன்று, கோப்பாய் அம்மன் கோயிலொன்றின் 'நறுமண ரோசாப் போட்டி'யில் இனிதே முடிவுக்கு வந்தது.

வெல்லும் பூவே அன்று அம்மன் மாலையில் ஏறும். மற்றவை கருவறைப் படி தாண்டா. இது திருப்பணிச் சபையின் ஏகமனதான 'தீர்மானம்'. கணவன் தெல்லிப்பழை ஆசுபத்திரியில் கண்விழித்த அன்றே, முற்றத்துப் பன்னீர் ரோசாக்களை ஆடிப்பூரத்துக்குச் சாத்துவதாக நேர்ந்திருந்த ஞானாம்பிகை, வேறு வழியின்றித் தட்டு நிறையப் பூவோடு போட்டியாளரானாள்.

நடுவர்கள் சால்வையால் மூக்கை இறுகக் கட்டிக்கொண்டு எழுந்தருளினர். சாமிக்குப் போகும் பூவை முகர்வது அபசாரமல்லவா? ஆகவே மணம் கண்ணால் அளக்கப்பட்டது.

ஞானாம்பிகையின் தட்டருகே சபைத் தலைவர் பஞ்சலிங்கத்தாரின் நடை தளர்ந்தது. இமைகள் தாமே மூடின. சால்வை ஒருமுறை உள்வாங்கி மீண்டது.

"உன்ரை பூ தள்ளுபடி, பிள்ளை."

"என்ன பிழை, ஐயா?"

"சால்வைக்குள்ளாலையும் மணக்குது. மோந்த பூ சாமிக்கு ஆகாது."

"மோந்தது நீங்கள் எல்லோ?"

"நான் மோக்கேல்லை. அது தானாய் வந்தது. அடக்கமில்லாத பூ."

முதற்பரிசு, சபைப் பொருளாளர் ஏரம்பு பட்டணத்துக் கடையிலிருந்து கொணர்ந்த ரோசாவுக்கு. எத்துணை அடக்கம்! மணத்தை வெளியே விட்டதேயில்லை. அதன் இதழிலிருந்த பனித்துளி உச்சிவெயிலிலும் உலராதது கண்டு நடுவர்கள் மெய்சிலிர்த்தனர். பிளாஸ்டிக்குக்குள்ள வைராக்கியம் மண்ணில் முளைத்தவற்றுக்கு ஏது?

தள்ளுபடியானவற்றையும் சபை வீணாக்கவில்லை. சில சர்பத்தாயின, சில பன்னீர்ச்செம்புக்குள் இதழ்களாய் மிதந்தன. ஞானாம்பிகையின் பூக்களோ தொடுக்கப்பெற்று, 'நறுமணக் காவலர்' என்ற பட்டத்தோடு தலைவரின் கழுத்தில் விழுந்தன. மனிதருக்கு, மோந்த பூ ஆகும்.

பூசை தொடங்கியது. கற்பூரச் சூட்டில் அம்மன் மாலையின் நடுப்பூ மெல்லச் சுருங்கி, முதன்முறையாக மணத்தது. ஐயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாலையும் தாமுமாக வாசலில் நின்ற பஞ்சலிங்கத்தாருக்கு ஞானாம்பிகை பணிவோடு வழிவிட்டாள்.

"கொஞ்சம் கிட்டப் போய் நில்லுங்கோ, ஐயா. அம்மாளாச்சிக்கு மணக்கட்டும். அவவுக்கு வைச்ச நேர்த்தி உங்கடை கழுத்திலை கிடக்குது."