பதினோரு மணி நோன்புக் கஞ்சி

நன்றாகப் படித்துவிட்டுச் செய்கிற முட்டாள்தனத்துக்குத் தனி மிடுக்கு உண்டு. விஷயம் தெரியாமல் செய்கிறவனுக்குப் பாதியில் ஒரு சந்தேகமாவது வரும், நிறுத்திக்கொள்வான். எனக்கு அந்தச் சந்தேகம் வரவே இல்லை. என்னிடம் அட்டவணை இருந்தது.

உணவுத் தொழில்நுட்பம் படித்து முடித்த கையோடு மன்னார்குடிக்கு வெளியே ஒரு மசாலா கம்பெனியில் சேர்ந்திருந்தேன். முதலாளி ஜபருல்லா பாய், ஷார்ஜாவில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நான் வரும்வரை அங்கே ஒரு புது மசாலா பிறக்கிற விதம் இதுதான்: பாய் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். "போடுங்க" என்றால் மூட்டை மூட்டையாகத் தயாராகும். "ப்ச்" என்றால் அத்தோடு சரி.

"என் ஒருத்தன் நாக்கை நம்பி எத்தனை நாளைக்குங்க ஓட்டுறது? ஒழுங்கா ஒரு முறையைக் கொண்டாங்க" என்று சொல்லித்தான் என்னை வேலைக்கு எடுத்தார்.

கொண்டுவந்தேன். சுவரெல்லாம் அட்டவணைகள், அம்புக்குறி போட்ட படங்கள். போதாததற்குத் திருச்சியில் நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்கும் கம்பெனி செலவிலேயே போய் வந்தேன். தலைப்பு: 'பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி?' (சிரிக்காதீர்கள். கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.)

என் முதல் பெரிய வேலை, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டாலே தயாராகிவிடுகிற நோன்புக் கஞ்சி மிக்ஸ். துபாய் வியாபாரி ஒருவர் சாம்பிள் கேட்டிருந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் பெரிய ஆர்டர்; எனக்கு வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் திருக்காட்டுப்பள்ளிக்குத் திரும்பிப்போய் அப்பாவோடு வயலில் இறங்க வேண்டியதுதான். (அதையும் அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார். நான் நட்ட நாற்று மறுநாள் தண்ணீரில் மிதக்கும் என்பது ஊரறிந்த விஷயம்.)

மூன்று பக்குவத்தில் கஞ்சி தயார் செய்தேன். எது நல்லது என்று சொல்ல, வருஷம் தவறாமல் கஞ்சி காய்ச்சுகிறவர்கள் வேண்டும். "எங்க அக்காவையும் சொந்தக்காரப் பொம்பளைங்களையும் அனுப்பி வைக்கிறேன். நாள், நேரமெல்லாம் நீங்களே பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பாய் சென்னைக்குப் போய்விட்டார்.

ருசி பார்க்க உகந்தது முற்பகல், அப்போதுதான் நாக்கு கூர்மையாக இருக்கும் என்றது புத்தகம். காலை பதினோரு மணி என்று குறித்தேன். மாதம் ரமலான். நோன்புக் கஞ்சியை ரமலானில் ருசி பார்ப்பதுதானே பொருத்தம்!

எனக்கு ரமலான் தெரியாதென்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த கஞ்சியைத் தூக்கோடு குடித்து வளர்ந்தவன் நான். அது ஏன் சாயங்காலத்தில் மட்டும் வருகிறது என்றுதான் ஒருநாளும் யோசித்ததில்லை. என் அட்டவணையைப் பொறுத்தவரை 'நோன்பு' என்பது பொருளின் பெயரில் பாதி. அவ்வளவுதான்.

அன்று காலை, பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்கா, "சார், இந்த நேரத்துல போயி..." என்று ஆரம்பித்தார்.

"கேள்வியெல்லாம் கடைசியிலக்கா" என்று கையமர்த்தினேன்.

பாயின் அக்கா மைமூன் தலைமையில் ஏழெட்டுப் பெண்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மிஷினைச் சுற்றிக் காட்டப்போகிறேன் என்று நினைத்து வந்தார்களாம். நான் உட்காரவைத்து, ஆளுக்கு மூன்று கிண்ணம் கஞ்சியை ஆவி பறக்க வைத்தேன்.

யாரும் தொடவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கூச்சம்! பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: தயங்குகிறவர்களுக்கு நாமே முன்மாதிரியாக இருக்க வேண்டும். ஒரு கரண்டி அள்ளி, சத்தமாக உறிஞ்சி, "ஆஹா!" என்றேன். ஓர் இளம்பெண் முக்காட்டை இழுத்து மூக்கை மூடிக்கொண்டார். விடுவேனா? கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் மூக்குக்கு நேரேயும் போனேன்.

மைமூன் அக்கா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நோன்பு."

"ஆமாக்கா, நோன்புக் கஞ்சியேதான்! பாத்ததும் கண்டுபிடிச்சிட்டீங்களே!"

'பொருளைச் சரியாக அடையாளம் கண்டனர்' என்று தாளில் குறித்தும் கொண்டேன்.

செல்வி அக்காவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "சார்! அவங்கல்லாம் நோன்பு வச்சிருக்காங்க சார்! பச்சைத்தண்ணி பல்லுல படக்கூடாது!"

அப்போது என் வாயில் இரண்டாவது கரண்டிக் கஞ்சி இருந்தது. அதை விழுங்குவது மரியாதையா, துப்புவது மரியாதையா என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. நடுவில் மாட்டிப் புரையேறி, கஞ்சி மூக்கு வழியாக வந்தது. ஓர் அம்மா எழுந்து ஓடிவந்து என் தலையில் தட்டினார். தொண்டை வறண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எனக்குத் தண்ணீர் தேடினார்கள்.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன், மூச்சு வந்ததும். வேலை போனது நிச்சயம் என்று தெரிந்தது.

மைமூன் அக்கா மேஜைமேல் இருந்த கஞ்சி மிக்ஸ் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். சட்டென்று அவர் தோள்கள் குலுங்கின.

"'ருசி பார்த்து உப்புச் சேர்க்கவும்'னு போட்டிருக்கீங்களே தம்பி. சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னாடி, நோன்போட கஞ்சி வைக்கிறவ எங்கேருந்து ருசி பாப்பா?"

அவ்வளவுதான். முக்காட்டை மூக்கில் பிடித்திருந்தவர் உட்பட எல்லோரும் சிரித்துத் தீர்த்தார்கள். சிரித்ததும் பேச்சு வந்தது. வாசனையை வைத்தே, "இதுல கிராம்பு தூக்கலா இருக்கு" என்றார் ஒருவர். "அது ஆறினா களியாயிடும், பாருங்க" என்றார் இன்னொருவர். நான் முதன்முறையாக வாயை மூடிக்கொண்டு கேட்டேன். (மூக்கு எரிந்துகொண்டிருந்ததும் ஒரு காரணம்.) போகும்போது ஆளுக்கு மூன்று பாக்கெட் வாங்கிப்போய், அன்று வீட்டில் காய்ச்சி, நோன்பு திறந்ததும் ஃபோனில் ஒவ்வொருவராகத் தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டு கஞ்சி தேறவில்லை. மூன்றாவது, கிராம்பைக் குறைத்தால் தேறும்.

பாய் சென்னையிலிருந்து திரும்பியதும் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்."

"சொல்லுங்க பாய்."

"காதுகொடுத்துக் கேக்குறதுக்குன்னு ஒரு கிளாஸுக்குப் போனீங்களே. அதுக்குப் பணம் கட்டினது நான்தானே?"

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியதிலிருந்து வேலை தப்பியது என்று புரிந்தது.

உப்பை நாங்களே அளந்து போட்டு அனுப்பினோம். ஆர்டர் வந்தது. அடுத்த பொருளுக்கு அட்டவணை போடுவதற்கு முன்னால், சாப்பிடப்போகிறவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்டேன்.

இப்போது எனக்குத் தஞ்சாவூரில் வீடு, மனைவி, எதையும் ரகசியமாக வைத்துக்கொள்ளத் தெரியாத ஒரு மகள். வருஷா வருஷம் ரமலானுக்கு முந்தின மாலை மைமூன் அக்கா தவறாமல் ஃபோன் செய்துவிடுவார். "தம்பி, நாளைலேருந்து எங்களுக்கு நோன்பு. அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதீங்க." அவர் வைத்ததும் அன்று வேனில் வந்த இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். ஃபோனை ஓடிப்போய் எடுப்பது என் மகள்தான். கேட்டுவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள்:

"அம்மா! அப்பாவுக்குப் பிறை தெரிஞ்சிடுச்சாம்!"