வளைகோட்டில் காய்ந்த காற்சட்டை

படித்தவனுக்கு வரும் வியாதிகளில் மோசமானது, படித்ததை உடனே யாரிடமாவது காட்டியாக வேண்டும் என்கிற அரிப்பு. இருபத்து நாலு வயதில் எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

நான் படித்தது புள்ளிவிவரம். அதில் பைத்தியமாகப் பிடித்துப்போனது வளைகோட்டைச் சீராக்கும் வித்தை. அளந்தெடுத்த எண்களைப் புள்ளிகளாக வைத்து இணைத்தால் கோடு தாறுமாறாக ஏறி இறங்கும். ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் கோடு அடங்கிப்போகும். இருதயத் துடிப்பைப் பார்க்கும் வைத்தியருக்கும், நட்சத்திர ஒளியை அளப்பவருக்கும், மழையைக் கணிப்பவருக்கும் இது வேண்டும். (பசறை பஸ் வருகிற நேரத்தைக்கூட இரண்டு வாரம் குறித்துவைத்துச் சீராக்கினேன். கோடு அழகாக வந்தது. பஸ்தான் வரவில்லை.)

பட்டத்தோடு திரும்பியவனுக்கு நமுனுகுல பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலேயே தற்காலிக வேலை கிடைத்தது. கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றடித்து வாட்டுகிற மாடியில், காற்றின் ஈரத்தை அளக்கும் சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பரீட்சார்த்தமாக மாட்ட வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் அம்மையார் வந்து என் வரைபடத்தைப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் எல்லாத் தொட்டிக்கும் பெட்டி, எனக்கு நிரந்தர வேலை.

அதே மாடியில்தான் அம்மாவுக்கும் வேலை. மகன் ஆபிசர் ஆகப்போகிறான் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அம்மா சொல்லாத வீடு இல்லை. பக்கத்து லயத்துக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தது. எனக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

மூன்றாம் தொட்டிக்கு மேலே நானே ஆணி அடித்து, கொக்கி போட்டு, பெட்டியை மாட்டினேன். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழை தெரியும்தானே. சூரியன் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். துவைத்த துணி, துவைத்தபோது இருந்ததைவிட நான்காம் நாள் அதிக ஈரமாக இருக்கும். எனக்கு இருந்ததோ இரண்டே காற்சட்டை. இரண்டும் பதுளையில் வாங்கிய ஒரே துணியில், ஒரே நாளில் தைத்த மண்ணிறக் கட்டம். ஆனாலும் தினமும் காய்ந்த காற்சட்டை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். அது எப்படி என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை. (பட்டதாரி இல்லையா, அற்ப விஷயங்களை யோசிக்கிறதில்லை.)

வரைபடத்தில்தான் பிரச்சினை. தினமும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கோடு விருட்டென்று எழும்பி, நாலு மணிக்கு இறங்கியது. ஒருநாள் தவறவில்லை, ஞாயிற்றுக்கிழமையைத் தவிர. புத்தியுள்ளவன் மாடிப்படி ஏறிப் போய்ப் பார்த்திருப்பான். பதினெட்டே படி. நான் கணினியைத் திறந்தேன்.

“கருவியின் இரைச்சல்” என்று முடிவுகட்டி, ஐந்து புள்ளிச் சராசரி எடுத்தேன். மேடு கொஞ்சம் குனிந்தது. பதினைந்து எடுத்தேன். முழங்காலளவு ஆனது. குட்டிக் குட்டி வளைவுகளைப் பொருத்திச் சீராக்கும் இன்னொரு முறையும் உண்டு, அது உண்மையான முகடுகளைக் காப்பாற்றும். அந்த ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்கினேன். கடைசியில் ஒருநாள் முழுவதையும் சேர்த்துச் சராசரி எடுத்ததும் கோடு மேசைபோல் படுத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மையார் வந்தார். பெரிய தொரை, அதாவது எங்கள் மானேஜர், எங்கள் தொழிற்சாலைத் தேயிலையிலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அம்மையார் ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார்.

“இதுல மெல்லிசா ஒரு பூ வாசம் வருதே. மல்லிகை மாதிரி. எப்படிக் கொண்டு வாறீங்க?”

தொரைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெருமையாகத் தலையாட்டினார். நான் என் கோட்டைத் திரையில் காட்டினேன்.

“அழகா இருக்கு. பகல்லகூட ஈரம் கூடுறதே இல்லையா?”

“கூடுறதே இல்லைங்க மேடம். கூடினா அது பொய்” என்றேன்.

“அப்ப இந்த நிமிஷம் எவ்வளவு காட்டுது?”

நேரம் இரண்டரை. சீராக்காத எண்ணைத் திறந்தேன். அது ஏறிக்கொண்டே போனது. மழைக்குள் நின்று அளந்ததுபோல் ஓர் எண்ணில் போய் நின்றது.

தொரை கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே மாடிப்படி ஏறினார். பின்னால் அம்மையார், அவருக்குப் பின்னால் நான்.

மூன்றாம் தொட்டிக்கு மேலே, என் கொக்கியில், ஒரு காற்சட்டை தொங்கியது. அடியிலிருந்து வந்த காற்றில் கால் இரண்டையும் விரித்துப் படபடவென்று அடித்தது. என் வெள்ளைப் பெட்டி அதன் இடதுகாலுக்குள் இருந்தது.

“யாரோட காச்சட்ட இது?” என்றார் தொரை.

வேலை செய்த பெண்கள் எல்லாரும் கொழுந்தைப் பார்த்தார்கள். ‘என்னுடையது’ என்று சொன்னால் வேலை போகும். நான் சொல்லவில்லை. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

அம்மா முன்னால் வந்தது.

“என்னோடதுங்க தொரை.”

“ஒங்களோடதா?”

“ஆமாங்க. குளிருக்குப் போடுவேன்.”

நாலரை அடி அம்மாவையும், ஐந்தேமுக்கால் அடி ஆளுக்குத் தைத்த காற்சட்டையையும் தொரை மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் கண் மெதுவாகத் திரும்பி என் இடுப்புக்குக் கீழே வந்து நின்றது. அதே மண்ணிறம், அதே கட்டம். அம்மையாரும் பார்த்தார். மாடியே பார்த்தது.

“என்னோடதுதாங்க” என்றேன். அம்மா பக்கம் திரும்பினேன்.

“அம்மா, ஏம்மா இங்க போட்ட?”

“நீதான தம்பி ஆணி அடிச்சு, கொக்கி போட்டுக் குடுத்த? அம்மாவுக்குத் துணி காயப்போடத்தான் செஞ்சிருக்கேன்னு நெனச்சேன். புள்ள ஈரக் காச்சட்டையோட ஆபிசுக்குப் போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

தொரை காற்சட்டையை முகர்ந்தார். பிறகு கையிலிருந்த தேநீரை முகர்ந்தார். மறுபடியும் காற்சட்டை.

“என்ன சோப்பு போடுறீங்க?”

“மல்லியப்பூ சோப்புங்க தொரை” என்றது அம்மா, பெருமையாக.

அம்மையார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கினார். சிரிப்பா குமட்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நிரந்தரம் கிடைக்கவில்லை. மாதக் கடைசியில் அனுப்பிவிட்டார்கள். அம்மாவைத் தூள் சலிக்கிற பக்கம் மாற்றினார்கள். நான் போகும்போது தொரை என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “கோட்டுல மேடு வந்தா மொதல்ல ஏறிப் போய்ப் பாரு.” அன்று இராத்திரிச் சாப்பாட்டில் நான் தலை நிமிரவில்லை. அம்மாதான் சமாதானம் சொன்னது: “விடு தம்பி. ஒன் காச்சட்டைய நான் மறைக்கல. நீதான் கஷ்டப்பட்டு ஒன் கோட்டுல மறைச்சிருக்க.”

இப்போது பதுளையில் வேறு வேலை. மண் சரியக்கூடிய சரிவுகளின் மழை அளவைப் பார்க்கிறேன். கோடு விருட்டென்று எழும்பினால் நான் சராசரி எடுப்பதில்லை, தொலைபேசியை எடுக்கிறேன். போன மாதம் லுணுகலைப் பக்கத்து மழைமானியில் அப்படி ஒரு மேடு. அங்கே பொறுப்பாக இருப்பவரைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, மழைமானி மேல துணி கிணி ஏதும் காயப்போட்டிருக்கீங்களா?”

“சார், இங்க பேய் மழை கொட்டுது சார்! எவன் துணி காயப்போடுவான்?”

உடனே சொல்லி, சரிவுக்குக் கீழே இருந்த லயத்து ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவைத்தேன். விடியும்போது மண் இறங்கியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து, மனைவியும் பக்கத்தில் இருக்க, அம்மாவிடம் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது.

“அந்தப் பள்ளிக்கூடத்துல அவுங்களுக்குத் துணி காயப்போட எடமிருக்கா தம்பி?” என்றது.

நான் சிரிக்கும் முன்பே என் மனைவி சிரித்துவிட்டாள்.